தெருமுனைத் தபால் பெட்டி ஏன் காணாமல் போகிறது, தபால்காரர் ஏன் தினமும் வருவதில்லை?

தெருமுனையில் பல ஆண்டுகளாக இருந்த சிவப்புப் பெட்டியைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துவிட்டார்கள், தபால்காரரும் முன்போல் தினமும் வருவதில்லை, வாட்ஸாப் வந்து கடிதம் எழுதும் பழக்கம் போனதுதான் இதற்குக் காரணமா என்பது கேள்வி. கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் பிரிப்பகத்திலும் பின்னர் அஞ்சலகத்திலும் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேள்வியில் உள்ள இரண்டு குறைகளும் ஒரே காரணத்தால் வந்தவையல்ல. பெட்டி மறைந்ததற்குக் கடிதம் எழுதுவோர் குறைந்தது பெரும்பாலும் காரணம்தான். தபால்காரர் தினமும் வராததற்குக் காரணம் அவருடைய பையில் ஏறியிருக்கும் வேறு வேலைகளும், சாதாரணத் தபாலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத நிர்வாக முறையும் ஆகும். என்னைக் கேட்டால் பெட்டி போனதைவிட இரண்டாவதுதான் பெரிய இழப்பு என்பேன். ஆனால் பத்திரிகைகளில் படத்தோடு வருவது என்னவோ துருப்பிடித்த பெட்டிதான்.

முதலில் பெட்டியைப் பார்ப்போம். ஒரு தபால் பெட்டியைத் திறப்பதற்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது தெருவில் போகிறவர்களுக்குத் தெரிவதில்லை. குறித்த நேரத்துக்கு ஊழியர் சைக்கிளிலோ வண்டியிலோ சாவிக்கொத்தும் சாக்குப்பையுமாக வருகிறார். பூட்டைத் திறந்து உள்ளே கிடப்பதையெல்லாம் வழித்துப் பையில் போடுகிறார். அதில் கடிதங்களோடு துண்டுப் பிரசுரமும், பேருந்துச் சீட்டும், சில நாள்களில் யாரோ ஒருவருடைய பர்ஸைத் திருடியவன் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போட்டுவிட்டுப் போன அடையாள அட்டைகளும் கிடக்கும். பிறகு, அடுத்த திறப்பு எத்தனை மணிக்கு என்று காட்டும் சிறு தகட்டை மாற்றிச் செருகுகிறார். இப்போது பல இடங்களில் பெட்டிக்குள்ளேயே ஒட்டியுள்ள பார்கோடைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்து, திறந்த நேரத்தையும் கிடைத்த கடிதங்களின் எண்ணிக்கையையும் பதிய வேண்டும். அஞ்சலகம் திரும்பியதும் தபால்தலைகள் எல்லாம் ஒரே மூலையில் வரும்படி கடிதங்களை அடுக்கித் தேதி முத்திரை குத்தி, கட்டுக் கட்டிப் பையை மூடி அனுப்புகிறார்கள். பெட்டியில் நூறு கடிதம் இருந்தாலும் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அந்தப் பயணத்துக்கு ஆகும் செலவு ஒன்றுதான். ஒன்றுகூட இல்லாத நாள்கள் பெருகியபோது பெட்டியின் கதை முடிந்துவிட்டது.

பார்கோடு வருவதற்கு முன் இந்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேறொரு வழி இருந்தது. ஆய்வாளர் யாருக்கும் சொல்லாமல் பெட்டிக்குள் ஒரு சோதனைக் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவார். அது எந்தத் தேதி முத்திரையோடு, எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்பதை வைத்து, பெட்டி திறக்கப்பட்டதா, முத்திரை அன்றே குத்தப்பட்டதா, வழியில் எங்கே தேங்கியது என்றெல்லாம் தெரிந்துவிடும். முத்திரையில் ஒரு நாள் பிசகினாலும் விளக்கம் கேட்டு ஓலை வந்துவிடும் என்பதால், யாரும் எழுதாத தெருவின் பெட்டியைக்கூடத் திறந்து பார்க்காமல் இருக்க ஊழியருக்குத் துணிவு வராது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அளந்து பார்க்கப்படும் வேலைதான் அரசுத் துறையில் தப்பிப் பிழைக்கும். இந்தப் பதிலின் பின்பகுதியில் அது மறுபடியும் வரும்.

பெட்டிகள் நிறைந்து வழிந்த காலம் இருந்தது. பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் வாழ்த்து அட்டைகள் குவிந்து, பெட்டியின் வாய்வரை நிரம்பி, கையை விட்டு எடுத்துவிடக்கூடிய நிலையில் கிடக்கும். சென்னை போன்ற பெருநகரங்களில் ஒரு சிவப்புப் பெட்டி போதாமல், உள்ளூர்க் கடிதங்களுக்குப் பச்சை, பிற பெருநகரங்களுக்கு நீலம் என்று நிறம் பிரித்துப் பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள்; மக்களே பாதிப் பிரிப்பு வேலையைச் செய்து கொடுக்கட்டும் என்பது கணக்கு. கடைசிப் பெட்டித் திறப்பையும் தவறவிட்டவர்கள் எழும்பூர் ரயில் நிலையத்துக்கே ஓடி, தெற்கே போகும் இரவு ரயிலில் இணைத்திருக்கும் ஆர்.எம்.எஸ். என்னும் ரயில் அஞ்சல் சேவைப் பெட்டியின் பக்கவாட்டுத் துளையில், தாமதக் கட்டணத்துக்கான தபால்தலையையும் சேர்த்து ஒட்டிக் கடிதத்தைப் போடுவார்கள். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே நின்றபடி ஊழியர்கள் அதைப் பிரித்து உரிய ஊர்ப் பையில் சேர்த்துவிடுவார்கள். ஓடும் ரயிலில் பிரிக்கும் அந்த முறை படிப்படியாகக் கைவிடப்பட்டுவிட்டது. இப்போது பிரிப்பது எல்லாம் நிலையான மையங்களில்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தபால் துறையின் கடிதப் போக்குவரத்து ஒரே வீச்சில் விழவில்லை, இரண்டு கட்டமாக விழுந்தது. முதலில் எஸ்.டி.டி. பூத்துகளும் பிறகு கைப்பேசியும் வந்தபோது, வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருந்த நலம் விசாரிப்புக் கடிதங்கள் நின்றன. ஆனால் அதே காலத்தில் தொலைபேசி பில், வங்கிக் கணக்கு அறிக்கை, காப்பீட்டு பிரீமிய நோட்டீஸ், பங்குதாரர்களுக்கான ஆண்டறிக்கை, டிவிடெண்ட் வாரண்ட், தேர்வு ஹால் டிக்கெட், நேர்முகத் தேர்வு அழைப்பு எல்லாம் பெருகியிருந்தன. இவற்றை யாரும் தெருமுனைப் பெட்டியில் போடுவதில்லை. நிறுவனங்கள் மூட்டையாகக் கொண்டுவந்து அஞ்சலகத்தில் மொத்தமாகக் கொடுத்துவிடும். ஆகவே பெட்டி காலியான பிறகும் பல ஆண்டுகள் தபால்காரரின் பை நிறைந்தே இருந்தது, அவரும் தினமும் தெருவுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். இரண்டாவது வீழ்ச்சி அதன் பிறகுதான் வந்தது. பில்கள் குறுஞ்செய்தியாயின; ஆண்டறிக்கையை மின்னஞ்சலிலேயே அனுப்பலாம் என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2011-இல் வழிவிட்டது; ஹால் டிக்கெட்டை நாமே தரவிறக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. பெட்டியைக் காலி செய்தவர்கள் நாம். தபால்காரர் தெருவுக்கு வருவதற்கான காரணத்தைக் குறைத்தவை நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும்.

கிராமங்களில் இந்த இரண்டாவது வீழ்ச்சியின் முகம் வேறு. தமிழ்நாட்டில் முதியோர், விதவையர் உதவித்தொகை நெடுங்காலம் மணியார்டராகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாதா மாதம் தபால்காரர் பணத்தை எண்ணிக் கையில் கொடுத்து, கைநாட்டு வாங்கிக்கொண்டு, திண்ணையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். அதில் பத்து, இருபது பிடித்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் சில இடங்களில் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தத் தொகைக்காக ஒரு மனிதர் எல்லாக் குக்கிராமங்களுக்கும் நடந்தே தீர வேண்டியிருந்தது. பின்னர் அந்தப் பட்டுவாடா வங்கிக் கணக்குக்கும் வங்கி முகவர்களுக்கும் மாறியது. அதற்குப் பிறகு கிளை அஞ்சலகத்தின் கடைக்கோடிக் குடியிருப்புக்கு ஒற்றைக் கடிதம் வந்தால், நாளைக்கு இன்னொன்று வரட்டும், சேர்த்துக் கொண்டுபோகலாம் என்ற எண்ணம் தலைகாட்டத் தொடங்கியது.

அப்படியானால் தபால்காரருக்கு வேலை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை. அவருடைய பட்டுவாடாப் பகுதியை அஞ்சலகத்தில் ‘பீட்’ என்பார்கள். புறநகர்களில் ஏரிக்கரை வரை மனைகள் விற்று அடுக்குமாடிகள் எழுந்த வேகத்துக்கு பீட்டுகள் கூடவில்லை. ஓய்வு பெற்றவரின் இடம் காலியாகவே கிடக்க, பக்கத்து பீட் ஆள் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இதற்கிடையே பையில் இருப்பவையும் மாறிவிட்டன. கடவுச்சீட்டும், வங்கி அட்டையும், வாக்காளர் அட்டையும் விரைவுத் தபாலில் வருகின்றன. தமிழ்நாட்டில் 2024 முதல் ஓட்டுநர் உரிமமும் ஆர்.சி.யும் அப்படியே வீட்டுக்கு வருகின்றன. இவற்றோடு இணைய வணிகப் பார்சல்கள் வேறு. 2018 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய அஞ்சல் வங்கியான இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் தபால்காரரின் கையில் கைரேகைக் கருவியைக் கொடுத்து, ஆதார் வழிப் பணம் எடுப்பது, ஓய்வூதியர்களின் ஆயுள் சான்று பதிவது, காப்பீட்டுக்கு ஆள் பிடிப்பது ஆகியவற்றையும் அவருடைய இலக்குகளாக்கியது. இந்த வேலைகளைக் குறை சொல்ல மாட்டேன். நடக்க முடியாத ஒரு முதியவருக்கு வீட்டு வாசலில் ஆயுள் சான்று பதிந்து கொடுப்பது, பத்து விளம்பரக் கடிதங்களைக் கொடுப்பதைவிடப் பயனுள்ளது.

சிக்கல் இருப்பது வேறிடத்தில். விரைவுத் தபாலுக்கு எண் உண்டு. கொடுத்த நேரம் கைப்பேசியில் ஏறும், வாங்கியவரின் கையெழுத்து ஏறும், அன்றைக்குக் கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பார்சலும் அப்படியே. ஐந்து ரூபாய் தபால்தலை ஒட்டிய சாதாரணக் கடிதத்துக்கு இவற்றில் எதுவும் கிடையாது. அது இன்று போனாலும் மூன்று நாள் கழித்துப் போனாலும், போகாமலே இருந்தாலும், எந்த அதிகாரியின் கணினித் திரையிலும் ஒரு புள்ளிகூட மாறாது. மாலைக்குள் கணக்குக் காட்ட வேண்டிய நூறு உருப்படிகளும் கணக்கே இல்லாத முப்பது கடிதங்களும் ஒருவர் கையில் இருந்தால், எதை அவர் நாளைக்குத் தள்ளுவார் என்று கேட்கவே வேண்டியதில்லை. சோம்பேறித்தனம் என்று தபால்காரர்மேல் பழி போடுவது எளிது. எனக்குத் தெரிந்த பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் அல்லர்; எதை அளக்கிறார்களோ அதைச் செய்து முடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

சாதாரணத் தபாலுக்கு இருந்த சிறு சிறு பாதுகாப்புகளும் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒரு தாளில் முகவரியை எழுதிக் கொடுத்தால், கடிதம் அஞ்சலில் சேர்க்கப்பட்டதற்கு முத்திரை குத்திக் கொடுக்கும் சான்றிதழ் முறை ஒன்று இருந்தது. வழக்குகளில் முன்தேதி போட்டு அது தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற குறைபாடு நெடுநாள் இருந்து, 2011-இல் நிறுத்தப்பட்டது. 2025-இல் உள்நாட்டுப் பதிவுத் தபால் தனிச் சேவை என்ற நிலையை இழந்து விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. பதிவு என்பது இப்போது விரைவுத் தபாலின்மேல் கூடுதல் கட்டணம் கட்டிப் பெறும் வசதி. நீதிமன்ற நோட்டீஸுக்கும், காசோலை திரும்பிய வழக்குகளின் அறிவிப்புக்கும், ‘பதிவுத் தபாலில் அனுப்பினால் உரிய காலத்தில் சேர்ந்ததாகக் கொள்ளலாம்’ என்னும் 1897-ஆம் ஆண்டு பொது விதிகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவுக்கும் பழகிப்போன வழக்கறிஞர்கள் முதலில் சற்றுத் திகைத்தார்கள். இணைப்பினால் வேகமும் கண்காணிப்பும் கூடியது உண்மை. விலை குறைந்த, மெதுவான, ஆனால் கையெழுத்து வாங்கும் ஒரு நடுப்படி இல்லாமல் போனதும் உண்மை.

புத்தகங்களுக்கு நேர்ந்தது தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு நன்றாகவே தெரியும். அச்சிட்ட நூல்களுக்கென்று இருந்த சலுகைக் கட்டண வகை 2024 டிசம்பரில் முன்னறிவிப்பு ஏதுமின்றி நீக்கப்பட்டது. நூறு, நூற்றைம்பது ரூபாய் விலையுள்ள கவிதை நூலை அனுப்ப அதில் பாதிக்குமேல் தபால் செலவாகும் நிலை வந்தது. பலரும் முறையிட்ட பிறகு, 2025 மே முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற பெயரில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய் என்று ஒரு புதிய வகை வந்திருக்கிறது. கண்காணிப்பு எண்ணும் உண்டு. சிற்றிதழ்களின் பாடு இதனால் தீர்ந்துவிடவில்லை. செய்தித்தாளாகப் பதிவு செய்து பைசாக் கணக்கில் அனுப்பும் சலுகை, 31 நாளுக்கு மிகாத இடைவெளியில் வெளிவரும் இதழ்களுக்குத்தான். நம் சிற்றிதழ்களோ காலாண்டு, அரையாண்டு, ஆசிரியரின் கையில் பணம் சேரும்போது என்ற கணக்கில் வருபவை. சாதாரணத் தபாலில் போட்டால் சந்தாதாரருக்குச் சேர்ந்ததா என்று தெரியாது, கூரியரில் போட்டால் சந்தாத் தொகையே செலவாகிவிடும். தபால் சேவை தளர்ந்ததன் விலையைத் தமிழில் முதலில் கொடுத்தவர்கள் இவர்கள்தாம்.

பணக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். அஞ்சலட்டை 50 பைசா, இன்லேண்ட் எனப்படும் உள்நாட்டுக் கடிதத் தாள் இரண்டரை ரூபாய், 20 கிராம் வரை உறைக் கடிதம் 5 ரூபாய் என்னும் கட்டணங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே இருக்கின்றன. ஓர் அஞ்சலட்டையைக் கொண்டுசேர்க்க ஆகும் செலவு அந்த 50 பைசாவைப் போலப் பல மடங்கு. ஏழைக்கும் எட்ட வேண்டும் என்ற நோக்கில் வைக்கப்பட்ட விலை அது. ஆனால் விலையை ஏற்றாமல் விட்டதோடு தரத்தையும் ஓசைப்படாமல் குறைத்துக்கொண்டே வந்தால், ஏழைக்குக் கிடைப்பது மலிவான சேவை என்று சொல்லிக்கொள்ள முடியாது. துறையின் வருமானத்தில் பெரும்பங்கு சேமிப்பு வங்கிக் கணக்குகளை நடத்துவதற்கு நிதி அமைச்சகம் தரும் ஊதியமாக இருக்கும்போது, நிர்வாகத்தின் கண் தபால்தலைப் பக்கம் திரும்பாததில் வியப்பில்லை. சட்டமும் மாறிவிட்டது. கடிதம் கொண்டுசெல்லும் தனியுரிமையை 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அரசுக்கு மட்டுமே கொடுத்திருந்தது. கூரியர்கள் அதை நடைமுறையில் எப்போதோ ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டிருந்தார்கள். 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டத்தில் அது இல்லை, தபால்தலை வெளியிடும் தனியுரிமை மட்டுமே மிஞ்சியது.

இந்தப் பாதையின் கடைசி முனை எப்படி இருக்கும் என்பதற்கு டென்மார்க்கைப் பார்க்கலாம். அங்கே 2000-இல் ஏறத்தாழ 145 கோடியாக இருந்த கடிதங்கள் 2024-இல் 11 கோடியாகக் குறைந்தன. குடிமக்களுக்கு அரசு அனுப்பும் கடிதங்கள் 2014 முதலே மின்வடிவில் போகத் தொடங்கியிருந்தன. 2024-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், எல்லா முகவரிக்கும் கடிதம் சேர்க்க வேண்டும் என்ற கடமையைப் பழைய அஞ்சல் நிறுவனத்தின் தோளிலிருந்து இறக்கியது. அதன் பிறகு 2025 ஜூனிலிருந்து, மிஞ்சியிருந்த 1,500 பெட்டிகள் தெருக்களிலிருந்து பெயர்க்கப்பட்டன. 1624-இல் தொடங்கிய கடிதச் சேவையை அந்த அஞ்சல் நிறுவனமான போஸ்ட்நோர்டு 2025 டிசம்பர் 30 அன்று முடித்துக்கொண்டது. பார்சல் மட்டும் தொடர்கிறது, கடிதங்களை ஒரு தனியார் நிறுவனம் எடுத்துக்கொண்டது. சட்டக் கடமை போன இரண்டு ஆண்டுகளுக்குள் மிஞ்சியிருந்த பெட்டிகளும் போய்விட்டன என்பதைப் பாருங்கள். பிரிட்டன் அந்த அளவுக்குப் போகவில்லை. 2025 ஜூலையிலிருந்து, விலை குறைந்த இரண்டாம் வகுப்புக் கடிதங்களை ஒன்றுவிட்டு ஒரு வேலைநாளில் கொடுத்தால் போதும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதியைத் தளர்த்தியது. அந்த வழி எனக்கு உடன்பாடானது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. எந்த நாளில் வரும், எந்த நாளில் வராது என்று அங்கே எழுத்தில் சொல்லிவிட்டார்கள். இங்கே விதிப்படி தினப் பட்டுவாடா இருக்கிறது, தெருவில் இல்லை.

இந்தியாவில் டென்மார்க்கைப் போல ஒரேயடியாக மூடப்படும் என்று நான் நினைக்கவில்லை. 1947-இல் 23,344 ஆக இருந்த அஞ்சலகங்கள் இன்று ஏறக்குறைய 1.65 லட்சம், அவற்றில் பத்தில் ஒன்பது கிராமங்களில் உள்ளவை. அரசின் எந்தத் திட்டத்துக்கும் கடைசி ஊர்வரை கைநீட்ட வேறு ஏற்பாடு இல்லை என்பதால் அந்த வலை நிலைக்கும். நிலைக்கும் வலையில் சாதாரணக் கடிதத்துக்கு இடம் இருக்குமா என்பதுதான் கேள்வி. துறை விரும்பினால் இதற்குப் பெரிய செலவில்லாத வழி உண்டு. ஒவ்வொரு பீட்டிலும் அன்று வந்த சாதாரணத் தபால் எத்தனை, கொடுத்தது எத்தனை, மீந்தது எத்தனை என்ற எண்ணிக்கையை மட்டும் தபால்காரரின் அதே கைப்பேசியில் மாலையில் ஏற்ற வைத்தால் போதும். பழைய சோதனைக் கடிதங்களை மறுபடியும் தாராளமாகப் போட்டால் அந்த எண்ணிக்கை பொய்யா மெய்யா என்பதும் தெரிந்துவிடும்.

உங்கள் தெருப் பெட்டியைப் பொறுத்தவரை, சாலை விரிவாக்கத்துக்கோ மெட்ரோ பணிக்கோ எடுக்கப்பட்டிருந்தால் திரும்ப வைக்கச் சொல்லிக் கேட்கலாம். விண்ணப்பத்தை உள்ளூர் அஞ்சலகத்தில் கொடுத்துவிட்டு நிற்காமல், உங்கள் கோட்டத்தின் அஞ்சல் கண்காணிப்பாளர் அல்லது முதுநிலைக் கண்காணிப்பாளருக்கு நேரடியாக எழுதுங்கள்; பெட்டிகளை இடம் மாற்றும் முடிவு அந்த மட்டத்தில்தான் எடுக்கப்படுகிறது. எடுப்பதற்கு முந்தைய மாதங்களில் அந்தப் பெட்டியில் கிடைத்த கடிதங்களின் எண்ணிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். நாளுக்கு ஒன்றிரண்டுதான் என்று பதில் வந்தால், பெட்டிக்காக வாதாடுவதை விட்டுவிட்டு அருகில் உள்ள பெட்டியின் திறப்பு நேரம் சரியாக நடக்கிறதா என்று கவனிப்பது நல்லது. சாதாரணத் தபால் தாமதம் பற்றிய முறையீட்டில் ‘சரியாக வருவதில்லை’ என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். தாமதமாக வந்த உறைகளைத் தூக்கி எறியாமல், அனுப்பிய ஊர் முத்திரையின் தேதி தெரியும்படி படம் எடுத்து, கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி, நான்கைந்து சேர்ந்ததும் மொத்தமாக அனுப்புங்கள். கோட்டங்களில் அவ்வப்போது நடக்கும் தபால் குறைதீர் கூட்டத்தில் அத்தகைய உறைகளை மேசைமேல் வைத்தால், அந்த பீட்டில் ஆள் இருக்கிறாரா, இல்லையென்றால் எத்தனை மாதமாக இல்லை என்பதற்கு அங்கேயே பதில் சொல்ல வேண்டிவரும்.